மீன்பிடிப் பார்வையாளர் பணி: சேர்வது, தேறுவது, அடுத்த படிக்குச் செல்வது

மீன்பிடிக் கப்பலில் மீனவர்களோடு ஒருவராகச் சென்று, வலையில் ஏறியது என்ன, அதன் எடை எவ்வளவு, அதில் எது கடலில் திருப்பி வீசப்பட்டது என்பதை அளந்து எழுதி வருவதற்கென்றே ஒரு வேலை உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபிஷரீஸ் அப்சர்வர்’ என்கிறார்கள். தமிழில் ‘கண்காணிப்பாளர்’ என்று எழுதக் கை போகும். ஆனால் அச்சொல் மேலதிகாரியை நினைவூட்டுவதால், வேலையின் இயல்பையே மாற்றிக் காட்டிவிடும். தேர்தல் பார்வையாளர் வாக்குச்சாவடியை நடத்துவதில்லை, நடப்பதைப் பதிவு செய்கிறார். அவரைப் போன்றவரே மீன்பிடிப் பார்வையாளரும். அவர் எவருக்கும் ஆணையிடுவதில்லை, அபராதம் விதிப்பதில்லை, வலையை எங்கே இறக்குவது என்று சொல்வதும் இல்லை.

இந்த வழிகாட்டி அலாஸ்காவை ஒட்டிய வடபசிபிக் கடலில் நடைபெறும் அமெரிக்கத் திட்டத்தை முதன்மையாகக் கொண்டு எழுதப்படுகிறது. அங்கே 1973-இல் வெளிநாட்டுக் கப்பல்களில் பார்வையாளர்களை ஏற்றத் தொடங்கினர். 1976-இன் மேக்னுசன் சட்டம் 200 கடல் மைல் வரையிலான மீன்வளத்தை அமெரிக்காவின் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் விலகி உள்நாட்டுக் கப்பல்கள் பெருகிய பின், 1990-இல் அவற்றுக்கான திட்டம் வந்தது. 2013-இல் அது மாற்றியமைக்கப்பட்டது. நெடுங்காலம் நடந்துவரும் திட்டமாதலால் அதன் விதிகள், பயிற்சி, பதவிப் படிகள் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்போர்க்கு இதே தொழிலில் என்ன வழி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தொடங்குமுன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இது இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறிக் கடக்க வேண்டிய படி என்று எண்ணிச் சேருவோர்க்கு இதைப் போன்ற பயிற்சிக்களம் வேறில்லை. ஓய்வு பெறும் வரை இதிலேயே இருந்துவிடலாம் என்று எண்ணிச் சேருவோரில் பெரும்பாலோர் களைத்துப் போவார்கள்.

தகுதியும் விண்ணப்பமும்

இயற்கை அறிவியலில் இளநிலைப் பட்டம் வேண்டும். விலங்கியல், கடல் உயிரியல், மீன்வள அறிவியல், சூழலியல் ஆகியவை நேரடியாகப் பொருந்துவன. பட்டத்தின் பெயரைவிடப் பாடங்களின் அளவே முக்கியம்: உயிரியல் பாடங்களில் 30 பருவ அலகுகளும் (செமஸ்டர் கிரெடிட்), கணிதம், புள்ளியியல் சார்ந்த பாடமும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இந்தியப் பட்டம் உடையவர்கள் தம் மதிப்பெண் பட்டியலை அமெரிக்க அலகு முறைக்கு மாற்றித் தரும் மதிப்பீட்டுச் சான்றை முன்கூட்டியே பெற்று வைப்பது நல்லது.

அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை இன்றியமையாதது. குடியுரிமை, கிரீன் கார்டு அல்லது இவ்வேலைக்குப் பொருந்தும் விசா இருக்க வேண்டும். ஆகவே இது அங்கே ஏற்கனவே வாழும் அல்லது படித்து முடித்த தமிழ் இளைஞர்களுக்கான வழியேயன்றி, ஊரிலிருந்து நேரே கிளம்பிப் போகும் வழி அன்று. அலாஸ்கா கப்பலில் பார்வையாளர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எவரேனும் முன்பணம் கேட்டால், அவரிடமிருந்து விலகி நிற்பதே அறிவுடைமை.

மீன்பிடித் தொழிலில் பணத்தொடர்பு இருக்கக் கூடாது என்பது மற்றொரு விதி. படகில் பங்கு, மீன் நிறுவனத்தில் முதலீடு, கப்பல்காரரிடமிருந்து பெறும் அன்பளிப்பு ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவை. மருத்துவச் சான்றும் கேட்பார்கள். நீண்ட நாள் கடலில் இருக்க உடல் ஏற்றதா என்பதே அதில் பார்க்கப்படுகிறது. கடல்நோய் வருவதை எண்ணி எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. பலருக்கும் முதல் சில நாட்கள் வாந்தியிலேயே கழிகின்றன, பிறகு உடல் பழகிவிடுகிறது. நாள்பட்டும் பழகாத உடலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் துறைமுக ஆலைகளில் மாதிரி எடுக்கும் பணியை நாடுவது மேல்.

விண்ணப்பத்தை அரசுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பயிற்சியும் சான்றிதழும் தருவது நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பின் மீன்வளப் பிரிவு. ஆனால் ஆள் எடுத்துச் சம்பளம் கொடுப்பவை அதனிடம் அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்கள். விண்ணப்பத்தில் கடல் அனுபவம் இல்லாவிட்டாலும் குறையில்லை. குளிரிலும் மழையிலும் நின்று வேலை செய்தது, நெருக்கமான இடத்தில் பலரோடு தங்கியது, களத்தில் தரவு சேகரித்தது ஆகியவற்றை எழுதுங்கள். வேலைக்கு எடுப்பவர் முதலில் எடைபோடுவது, சண்டையில்லாமல் மூன்று மாதம் கப்பலில் இருப்பாரா இவர் என்பதைத்தான்.

மூன்று வாரப் பயிற்சி

பயிற்சி மூன்று வாரம். பெரும்பாலும் சியாட்டிலில் நடக்கும். அதில் பாதிப் பாரம் மீன் இனங்களை அடையாளம் காண்பதில் விழுகிறது. ராக்ஃபிஷ் எனப்படும் கூட்டத்தில் மட்டுமே பல பத்து இனங்கள் உண்டு. ஒன்றுபோல் சிவந்திருக்கும் இரண்டு பெரிய மீன்களில் ஒன்றை ‘ஷார்ட்ரேக்கர்’ என்றும் மற்றதை ‘ரஃப்ஐ’ என்றும் பிரிக்க வேண்டுமானால், செவுளைத் திறந்து உள்ளிருக்கும் முட்கள் குட்டையா நீளமா என்று பார்க்க வேண்டும், கண்ணுக்குக் கீழே விரலை ஓட்டி முள் தட்டுப்படுகிறதா என்று தேட வேண்டும். நிறத்தை நம்பி எழுதுபவர் தேர்வில் தோற்பார். நம் கரையில் சாளையையும் சூடையையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கும் மீன்காரம்மாவின் கண் இந்த வேலைக்கு ஏற்ற கண். அதோடு, தாம் ஏன் அப்படிப் பிரித்தோம் என்பதை எழுத்தில் காட்டும் பழக்கம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை, படிவங்கள், கணினியில் பதிவு, நடத்தை நெறி ஆகியவை அடுத்து வரும். உயிர்காப்புப் பயிற்சியில் தலை முதல் கால் வரை மூடும் மிதப்பு உடையை ஒரு நிமிடத்துக்குள் அணிந்து, நீரில் குதித்து, கவிழ்ந்த தெப்பத்தை நிமிர்த்தி ஏறப் பழக்குவார்கள். இதைச் சடங்காக எண்ணிவிட வேண்டாம். அலாஸ்காவுக்கு மேற்கிலுள்ள பெரிங் கடலின் குளிர்நீரில் அந்த உடை இல்லாமல் விழுபவர் கைகளைப் பயன்படுத்தும் திறனைச் சில நிமிடங்களிலேயே இழந்துவிடுவார்.

கப்பலில் செய்ய வேண்டியது

பெரிங் கடலில் பெரிய அளவில் பிடிக்கப்படுவது பொல்லாக் என்னும் மீன். அதற்கு ஆண்டில் இரண்டு பருவங்கள்: சனவரி 20 முதல் சூன் 10 வரை ஒன்று, அதிலிருந்து நவம்பர் 1 வரை மற்றொன்று. கப்பல்கள் பெரும்பாலும் உனலாஸ்கா தீவிலுள்ள டச்சு ஹார்பரிலிருந்து கிளம்புகின்றன. அலாஸ்கா வளைகுடாப் பக்கத்துக்குக் கோடியாக் முக்கியத் துறைமுகம். பிடித்த மீனைக் கடலிலேயே வெட்டிப் பதப்படுத்தும் பெரிய இழுவைக் கப்பல்களில் இரண்டு பார்வையாளர்கள் இருந்து, நாளைப் பன்னிரண்டு மணி நேர முறைகளாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆயிரங்கால் தூண்டில் போடும் கப்பல்களிலும் சிறு இழுவைப் படகுகளிலும் பெரும்பாலும் ஒருவர்தான்.

வேலையின் உயிர் மாதிரி எடுப்பதில் இருக்கிறது. ஓர் இழுவையில் 80 டன் மீன் ஏறியதாக வைத்துக்கொள்வோம். அத்தனையையும் எவராலும் பிரித்து எண்ண முடியாது. நீங்கள் 400 கிலோவைக் கூடைகளில் எடுத்துப் பிரிக்கிறீர்கள். அதில் ஓர் இனம் 2 கிலோ இருக்கிறது. 80 டன் என்பது உங்கள் மாதிரியைப் போல் 200 மடங்கு. ஆகவே அந்த இனம் 400 கிலோ பிடிபட்டதாகக் கணக்கில் ஏறும். இப்போது, பெரிய மீன் ஒன்று கண்ணில் பட்டதே என்று ஆசைப்பட்டு அதையும் கூடையில் போட்டிருந்தால், அந்த ஒரு கை நீட்டலும் 200 மடங்காகிவிடும். எனவே மாதிரியை எப்போது எடுப்பது என்பதை நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏறிய மீன் முழுதும் நகரும் பட்டையில் (கன்வேயர்) ஓடி முடிய நான்கு மணி நேரம் ஆகுமானால், அதை இருபது நிமிடத் துண்டுகள் பன்னிரண்டாகப் பிரித்து, எந்தத் துண்டுகளில் எடுப்பது என்பதை எழுமாற்று (ரேண்டம்) எண் அட்டவணையைக் கொண்டு முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அந்த நேரம் உங்கள் சாப்பாட்டு நேரமாக அமையும். பெரும்பாலும் அமைந்தே தீரும். அப்போதும் எழுந்து போகிறவர்தான் பார்வையாளர்.

அதற்கு மேல் மீனின் நீளம் அளப்பது, ஆண் பெண் பார்ப்பது, தலைக்குள்ளிருந்து செவிக்கல்லை எடுப்பது ஆகிய வேலைகள் உண்டு. செவிக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வளையங்கள் இருப்பதால், கரையிலுள்ள ஆய்வகத்தில் அதைக் கொண்டு மீனின் வயதைக் கணிப்பார்கள். சால்மன், ஹாலிபட், அரச நண்டு முதலியவை இழுவைக் கப்பல்களுக்கு விலக்கப்பட்ட இனங்கள்; வலையில் ஏறினாலும் அவற்றை விற்க முடியாது. பெரிங் கடல் பொல்லாக் கப்பல்களில் 2011 முதல் சினூக் சால்மனை மாதிரியால் மதிப்பிடாமல் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். பத்துக்கு ஒன்று வீதம் மரபணுச் சோதனைக்குத் திசு எடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கை உச்சவரம்பைத் தொட்டால் மீன்பிடிப்பே நிற்கக்கூடும் என்பதால், நீங்கள் எண்ணும் ஒவ்வொரு சால்மனும் கப்பல்காரருக்குப் பணக்கணக்கு.

இந்தப் பணக்கணக்கை மறக்காமல் நடந்துகொள்வதே கப்பலில் வாழும் கலை. ஏறிய முதல் நாளே கேப்டனைச் சந்தித்து, எங்கே நின்று மாதிரி எடுப்பீர்கள், என்ன உதவி தேவைப்படும் என்பதைப் பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு கப்பல் எங்கே எவ்வளவு பிடித்தது என்பதை வேறு கப்பலில் வாய் தவறியும் சொல்லாதீர்கள். பிடிப்பிடம் மீனவரின் மூலதனம். மாலுமிகளின் வேலையில் கை கொடுக்கும் பழக்கம் வேண்டாம். நல்ல மனத்தோடுதான் செய்வீர்கள். ஆனால் உங்கள் குறிப்பின் நடுநிலை அங்கேயே கேள்விக்குள்ளாகும். சமையற்காரரிடம் மட்டும் எப்போதும் நல்லபடியாக இருங்கள். விதிமீறல் ஒன்றைக் கண்டால், அதைக் கப்பலில் வாதாடித் தீர்க்க முயலாமல், தேதி, நேரம், இடம், கண்ணால் கண்டது ஆகியவற்றை நாட்குறிப்பில் அன்றே எழுதி வையுங்கள். ‘அவர்கள் மறைத்தார்கள்’ என்பது ஊகம். ‘14:20 மணிக்குப் பட்டையிலிருந்து மூன்று ஹாலிபட் என் அளவைக்கு வருமுன் எடுக்கப்பட்டன’ என்பது பதிவு.

திரும்பி வந்ததும் அந்த நாட்குறிப்பையும் தரவையும் எதிரே வைத்துக்கொண்டு, அலுவலர் ஒருவர் உங்களை வரிவரியாகக் கேள்வி கேட்பார். சில நாட்கள் நீளும் இந்த விசாரணையைப் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அது உங்களுக்குக் கிடைக்கும் இலவச ஆசிரியர். அங்கே பெறும் மதிப்பீடுதான் அடுத்த பயணத்தையும், தலைமைப் பார்வையாளர் நிலைக்கான வாய்ப்பையும் முடிவு செய்கிறது.

ஆபத்தும் அதற்கான ஏற்பாடும்

இவ்வேலையின் ஆபத்தை மென்மையாக்கிச் சொல்வது குற்றம். கம்பி அறுந்து வீசுவது, வழுக்கும் தளம், தூக்கமின்மை ஆகியவை எல்லா மாலுமிகளுக்கும் பொதுவானவை. பார்வையாளருக்கு மட்டும் உரியது தனிமையிலிருந்து வரும் ஆபத்து. 2015 செப்டம்பரில் பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள நடுக்கடலில், பிற கப்பல்கள் பிடித்த மீனைக் கடலிலேயே மாற்றியேற்றும் கப்பல் ஒன்றில் பணிபுரிந்த அமெரிக்கப் பார்வையாளர் ஒருவர் காணாமல் போனார்; அவர் கிடைக்கவே இல்லை. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பார்வையாளர்கள் பலரும் பணியில் உயிரிழந்திருக்கிறார்கள். மேற்கு, மத்திய பசிபிக் சூரை மீன் ஆணையம் 2016-இல் கொண்டுவந்த விதியின்படி, பார்வையாளர் கடலில் விழுந்ததாகக் கருதப்பட்டால் கப்பல் உடனே மீன்பிடிப்பை நிறுத்தி, குறைந்தது 72 மணி நேரம் தேட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பாதுகாப்புச் சோதனைச் சின்னம் இல்லாத கப்பலில் ஏறுவதை மறுக்கலாம். உயிர்த்தெப்பத்தில் உங்களையும் சேர்த்து எல்லோருக்கும் இடம் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உடலில் அணியும், இருக்குமிடத்தை அறிவிக்கும் அவசரச் சமிக்ஞைக் கருவியைத் தூங்கும்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கரையிலுள்ள ஒருவரிடம் முன்பே ஒரு சொற்குறியை ஒப்புக்கொண்டு, ஆபத்து வந்தால் அதைச் செய்தியில் சேர்த்து அனுப்பும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பார்வையாளரை அச்சுறுத்துவதும் அவர் வேலையைத் தடுப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி தண்டனைக்குரியவை; பாலியல் தொல்லையும் அதில் அடங்கும். பெண்கள் இவ்வேலையில் கணிசமாக இருக்கிறார்கள். அறைப் பங்கீடு பற்றிய கேள்வியைத் துறைமுகத்திலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்வது அவர்கள் உரிமை.

வருமானமும் அதன் வளைவும்

ஊதியம் நாட்கூலி முறையில் கணக்கிடப்படுகிறது. அனுபவம் ஏற ஏற உயர்கிறது. கடலில் இருக்கும் வரை உணவுக்கும் தங்குமிடத்துக்கும் செலவில்லை என்பதால், மூன்று மாதம் முடித்து இறங்குபவரின் கையில் தொகை சேர்ந்திருக்கும். பயணங்களுக்கு இடையில் வருமானம் இல்லை என்பதையும் அந்தத் தொகையிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். ஒரே கப்பலில் 12 மாதங்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் பணியமர்த்தக் கூடாது என்ற விதியும் உண்டு; பழக்கம் பாசமாகி நடுநிலை கெட்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

எல்லாப் பயணங்களிலும் பார்வையாளரை ஏற்ற வேண்டிய கப்பல்கள் பார்வையாளர் நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. அதாவது, யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் பணமே சுற்றி வந்து நம் சம்பளமாகிறது. இந்த அமைப்பின் மிகப் பலவீனமான கண்ணி இதுதான் என்பது என் எண்ணம். தரவைச் சரிபார்ப்பது அரசு அலுவலர்கள் என்பதால் மட்டுமே இது தாங்குகிறது.

கேமராக்கள் வந்துவிட்டனவே, வேலை நிலைக்குமா என்ற கேள்வி நியாயமானது. அலாஸ்காவில் 2018 முதல் தூண்டில் படகுகள் பார்வையாளருக்குப் பதிலாகக் கேமராவைத் தேர்ந்தெடுக்கலாம்; அண்மை ஆண்டுகளில் பொல்லாக் இழுவைப் படகுகளுக்கும் அம்முறை விரிந்திருக்கிறது. கேமராவால் எண்ண முடியும்; செவிக்கல்லை எடுக்க முடியாது. ஆகவே பணியின் ஒரு பகுதி கப்பலிலிருந்து கரை ஆலைக்கும், மற்றொரு பகுதி காணொளியைப் பார்த்துப் பதிவு செய்யும் மேசைக்கும் நகர்கிறது. தொழில் சட்டென்று நின்றுபோகக்கூடும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு: மேற்கு பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் 2010 முதல் சுருக்குமடிக் கப்பல்கள் அனைத்திலும் கட்டாயமாக இருந்த பார்வையாளர் முறை, கொரோனாத் தொற்றால் 2020-இல் நிறுத்தப்பட்டு, 2023 சனவரியில்தான் மீண்டும் கட்டாயமானது. அந்த இடைவெளியில் தீவுகளின் பார்வையாளர்கள் பலர் வேலையின்றி நின்றார்கள்.

எனவே இரண்டாவது பயணத்திலேயே அடுத்த படியைக் குறி வையுங்கள். மீன் இருப்பை மதிப்பிடும் துறையில் முதுநிலைப் படிப்புக்கு, தரவு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கடலில் பார்த்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. அதோடு ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியைக் கற்றிருந்தால் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். பார்வையாளர்களாகத் தொடங்கிப் பயிற்சியாளர்களாகவும், மத்திய, மாநில மீன்வளத் துறைகளில் உயிரியலாளர்களாகவும், சான்றளிப்புத் தணிக்கையாளர்களாகவும், மீன் நிறுவனங்களின் விதிப்பொறுப்பு அலுவலர்களாகவும் ஆனவர்கள் நிறைய.

இந்தியப் பெருங்கடலும் நம் கரையும்

சீஷெல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். அதன் 2011-ஆம் ஆண்டுத் தீர்மானம், 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களின் மீன்பிடிப்பில் குறைந்தது 5 விழுக்காட்டைப் பார்வையாளர் பதிவு செய்ய வேண்டும் என்றது. நம் படகுகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை என்பதால், இங்கே இத்தொழில் கப்பலைவிட இறங்குதளத்திலேயே மிகுதி. 1947-இல் தொடங்கப்பட்டு, முன்பு மண்டபத்திலிருந்தும் இப்போது கொச்சியிலிருந்தும் இயங்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், இறங்குதளங்களில் மாதிரி எடுத்துத்தான் நாட்டின் கடல்மீன் பிடிப்பைக் கணக்கிடுகிறது. முறை வேறு, கூடை, தராசு, எழுமாற்று எண் எல்லாம் அதே.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்றவற்றில் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்கு ஆராய்ச்சித் திட்டப் பணிகள், மாநில மீன்வளத் துறைத் தேர்வுகள், சென்னையிலும் தளம் வைத்திருக்கும் ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியாவின் ஆய்வுக் கப்பல்கள் ஆகியவை அருகிலுள்ள வாசல்கள். இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடி அறிவியல் துறையும், நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமும் அதே வழியில் உள்ளன. பன்னாட்டுக் கப்பல்களில், குறிப்பாக மீன் மாற்றியேற்றும் கப்பல்களில், பணியாற்ற விரும்புவோர் எஸ்டிசிடபிள்யூ எனப்படும் பன்னாட்டு மாலுமித் தரத்தின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முன்பே முடித்துவிடுவது நல்லது. சென்னையின் கடல்சார் பயிற்சி நிறுவனங்களில் அது சில நாட்களில் முடிந்துவிடும்.

வேலை கிடைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, சூன் நடுவில் இழுவைப் படகுகள் திரும்பத் தொடங்கியதும், காசிமேட்டுக்கோ தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ விடியுமுன் செல்லுங்கள். படகு உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, சங்காயம் எனப்படும் விலைபோகாத சிறுமீன் கலவையில் ஒரு கூடை வாங்கி, நிழலில் கொட்டி இனம் இனமாகப் பிரித்து, எண்ணி, நிறுத்து, ஒரு படிவத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாததைப் படம் எடுத்து, ஃபிஷ்பேஸ் தளத்தில் தேடி, எந்த அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வாரம் ஒரு கூடை என்று அடுத்த தடைக்காலம் வரை சேர்ந்த நோட்டுப் புத்தகத்தை நேர்காணலுக்கு எடுத்துச் செல்லலாம்.